குளத்தை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 68. நீச்சல் குளம், நூலகம், டேபிள் டென்னிஸ் எல்லாம் இருக்கும் ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் வீடு வாங்கலாம் என்கிறார் அவர். "முதியோர் இல்லத்துக்கா போகிறீர்கள்?" என்று மகள் அழுகிறாள். நீங்கள் அப்படி ஓர் இடத்தில்தானே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறது?

பதில்: முதியோர் இல்லம் இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். வீட்டுச் சாவி உங்கள் கையில்தான் இருக்கும். 1960 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் டெல் வெப் என்ற கட்டுமான அதிபர் 'சன் சிட்டி' என்ற ஓய்வுபெற்றோர் குடியிருப்பைத் திறந்தபோது, வந்தவர்களுக்குக் காட்ட கோல்ஃப் மைதானமும் பொழுதுபோக்கு மையமும் தயாராக இருந்தன. வீடுகளில் மாதிரிக்கு ஐந்துதான். இன்றும் அதே கதைதான். போனவுடன் குளத்தைத்தான் காட்டுவார்கள்.

எனக்கு இங்கே ஆறு வருடம். வந்த புதிதில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெரியவர் தட்டோடு வந்து பக்கத்தில் பேசாமல் நின்றார். பாதி சாப்பிட்ட பிறகுதான் உறைத்தது, அது அவர் இடம். இப்போது டேபிள் டென்னிஸில் அவர்தான் என் ஜோடி. பொழுது போகிறதா என்று கேட்டால், போதவில்லை என்பேன்.

போன வருடம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. குளத்துப் படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, என் குளியலறையில் ஒன்றுகூட இல்லை. சட்டைப் பொத்தான் போட்டுவிட ஆள் கேட்டேன். "அதெல்லாம் நம் சேவையில் வராது" என்றது அலுவலகம். ஒப்பந்தத்தைப் புரட்டினால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நடமாடுகிறவர்களுக்கான இடம் இது. கையெழுத்துப் போடும்போது நான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான்.

அதனால் குளத்தை அப்புறம் பாருங்கள். படுத்துவிட்டால் அதே வீட்டில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள விடுவார்களா? ஒருவர் மட்டும் மிஞ்சினால் மாதக் கட்டணம் குறையுமா? பல இடங்களில் 55 வயதுக்குக் கீழே குடியேற முடியாது. பின்னாளில் வீடு மகள் பெயருக்கு வந்தாலும் அவள் அங்கே குடியேற முடியாமல் விற்க வேண்டி வரலாம். விற்கிறவரை, பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் ஓடும். இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் முதலில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், இருவருமே.

அப்புறம் ஒன்று. உங்கள் கணவருக்குக் குளமும் டேபிள் டென்னிஸும் சரி. மகளுக்கு அழுகை. உங்களுக்குப் போகப் பிடித்திருக்கிறதா என்று கடிதத்தில் இரண்டு தடவை தேடினேன், காணோமே!