இரு காதுகளுக்கு நடுவே ஒரு துடிப்பு

கேள்வி: சோமனூரில் பதினைந்து ஆண்டுகளாக விசைத்தறி ஓட்டுகிறேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. 'பைனாரல் பீட்ஸ்' என்ற ஒலியை இயர்போனில் கேட்டால் மனம் வேறு நிலைக்குப் போய்விடும் என்று அக்கா மகன் சொல்கிறான். இது உண்மையா? போதைபோலப் பழகிவிடுமா?

பதில்: இடது காதில் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வுகள்), வலது காதில் 206 ஹெர்ட்ஸ் என ஏறத்தாழ ஒரே சுருதியில் இரண்டு ஒலிகளைத் தனித்தனியே செலுத்தினால், நொடிக்கு ஆறு முறை துடிக்கும் ஓர் ஒலி கேட்பதாக நமக்குத் தோன்றும். வேகம் சற்றே மாறுபட்ட இரண்டு தறிகளின் சத்தம் சேர்ந்தும் விலகியும் கேட்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அது காற்றில் கலக்கிறது, இது மூளைத்தண்டில் கலக்கிறது. ஆகவே துடிப்பு கேட்பது மெய்தான்.

அத்துடிப்பைப் பின்பற்றி மூளை அலைகளும் மாறும், அரைத்தூக்கத்துக்குரிய 4 முதல் 8 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும் என்பதுதான் இன்னும் நிலைநாட்டப்படாத பகுதி. 2023-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 5 மட்டுமே இதை ஆதரித்தன. 8 எதிராக இருந்தன. ஒன்றில் முடிவு கலவையாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் இவ்வொலியைக் கேட்டவர்களுக்குப் பதற்றம் ஓரளவு குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. எனினும், கண்ணை மூடி அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதே அந்த அமைதியில் பெரும்பங்கைத் தருகிறது என்பது என் கருத்து. இது மனத்தை மயக்கும் போதையன்று. ஆனால் இது இல்லாமல் உறங்க முடியாது என்ற வழக்கம் படிந்துவிடலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது உங்கள் காதுகள்தான். தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். இரவெல்லாம் அதில் நின்ற காதுகளுக்குப் பகலில் ஓய்வு தேவைப்படும் வேளையில், இயர்போனைச் சத்தமாக வைத்துக் கேட்பது பாதிப்பின் மேல் பாதிப்பாகும். ஒரு காது மந்தமாகியிருந்தால் அந்தத் துடிப்புகூடச் சரியாகக் கேட்காது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒலியளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள்; அரை மணியில் தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

தூக்கத்துக்கு, ஷிப்டின் பிற்பாதியில் டீயைத் தவிர்ப்பதும், சன்னலில் கனத்த துணி கட்டி அறையை இருட்டாக்குவதும், விடுமுறை நாளிலும் உறங்கும் நேரத்தை அதிகம் மாற்றாதிருப்பதும் இவ்வொலியைவிட நம்பத்தக்கவை. தறிக்கூடத்தில் காதடைப்பான் அணியுங்கள். கோவை அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இந்த மாதத்துக்குள் கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.