ஹஸ்கியா, காப்பக நாயா? முதலில் தவணைகளை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: அம்பத்தூரில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய். வாடகை 14,000, வீட்டுச் செலவு 20,000, மகனின் பள்ளி 6,000 போக, பைக், செல்போன், டிவி ஆகியவற்றின் தவணைகளும் மனைவியின் தங்கை திருமணத்துக்காக வாங்கிய தனிநபர் கடனும் சேர்ந்து 16,100 ஆகின்றன. பத்து வயது மகன் நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். மைத்துனர் தமக்குத் தெரிந்த பிரீடரிடம் (குட்டி ஈன வைத்து விற்பவரிடம்) 45,000 ரூபாய்க்கு 'பேப்பர்' உள்ள ஹஸ்கி குட்டி பேசி வைத்து, என்னிடம் 5,000 முன்பணமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். கூண்டு, தடுப்பூசி எல்லாம் சேர்த்து 60,000 ஆகும். கிரெடிட் கார்டில் இஎம்ஐ போட்டால் மாதம் 3,000தான், பெண் குட்டி என்பதால் பின்னர் குட்டிகளை விற்றே பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார். எனக்கோ காப்பகத்திலிருந்து தத்தெடுக்கலாம் என்று தோன்றுகிறது. 'தெரு நாயை வளர்க்கிறார்கள்' என்று உறவினர்கள் பேசுவார்களே என மனைவி தயங்குகிறார். எது லாபம்?

பதில்: நாய் வளர்ப்பதில் லாபம் என்று எதுவும் இல்லை, எவ்வளவு செலவு, அதைத் தாங்க முடியுமா என்பது மட்டுமே கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது நாய் அல்ல, 'மாதம் 3,000தான்' என்ற சொல். செல்போன், டிவி, திருமணக் கடன் என ஒவ்வொன்றையும் அதன் விலையைப் பார்த்து அல்லாமல் மாதத் தவணையைப் பார்த்தே நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அதனால்தான் வருமானத்தில் கால் பங்குக்கு மேல் தவணைக்கே போகிறது. தவணையைச் சிறியதாகக் காட்டினால் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்பது மைத்துனருக்கும் தெரிந்திருக்கிறது.

60,000 ரூபாயை 16 சதவீத வட்டியில் 24 மாதங்களுக்குப் பிரித்தால் தவணை ஏறக்குறைய 2,940. மொத்தம் கட்டுவது சுமார் 70,500. செயல்முறைக் கட்டணமும் வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. 'வட்டியில்லா இஎம்ஐ' என்று யாராவது சொன்னால், சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டதை நினைவில் கொள்ளுங்கள். அந்த வட்டி பொருளின் விலையிலோ கட்டணத்திலோ எங்காவது ஒளிந்திருக்கும்.

இப்போது உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 5,900 ரூபாய். புதிய தவணை போனால் 2,960. ஹஸ்கி குளிர்ப் பிரதேச நாய். அடர்ந்த இரட்டை ரோமத்துடன் சென்னை வெயிலில் அதை வைத்திருக்க வேண்டுமென்றால் ஆண்டின் பெரும்பகுதி ஏசி ஓட வேண்டும். தீவனம், மருத்துவம், ரோமப் பராமரிப்பு, மின்கட்டணம் எல்லாவற்றையும் தோராயமாகக் கூட்டினால் மாதம் 6,500-க்குக் குறையாது, அதாவது முதல் மாதத்திலிருந்தே 3,500 ரூபாய் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையும் கார்டில்தான் ஏறும். முழுமையாகக் கட்டாத கார்டு பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வரும். நாய் 12 ஆண்டுகள் வாழ்ந்தால் இன்றைய விலையிலேயே செலவு 9 லட்சத்தைத் தாண்டுகிறது. நீங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்கும் 45,000 அதில் இருபதில் ஒரு பங்கு.

குட்டி விற்றுப் பணம் எடுக்கும் திட்டத்தை இன்றே மறந்துவிடுங்கள். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் யாரும் குட்டி ஈன வைத்து விற்க முடியாது. 18 மாதம் நிறையாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது. இவற்றுக்கு மேலாக, தமிழக அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் ஹஸ்கியைச் சேர்த்து, அதன் இனப்பெருக்கத்தையே விலக்கியிருந்தது. உங்களுக்கு வரப்போகும் குட்டி எங்கே பிறந்தது, அந்தப் பிரீடரின் பதிவு எண் என்ன என்று மைத்துனரிடம் கேட்டுப் பாருங்கள். 'பேப்பர்' என்பது கென்னல் கிளப்பின் வம்சாவளிச் சான்று. அது தாய் தகப்பனைச் சொல்லும், குட்டியின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்காது.

தத்தெடுப்பது இலவசம் என்றும் எண்ண வேண்டாம். கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் 45,000 போன்ற விலை இல்லை. பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தே கொடுக்கிறார்கள். அதன் பின்பு வருவதெல்லாம் உங்கள் செலவு. நம் ஊர் நாய்க்குச் சோறு, முட்டை, கோழி, ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து என்று மாதம் 2,600 ரூபாய் ஒதுக்குங்கள், ஏசி தேவையில்லை. குட்டியாக இல்லாமல் இரண்டு மூன்று வயது நாயாகக் கேட்டால் அதன் குணமும் பழக்கமும் முன்பே தெரிந்துவிடும். பத்து வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்கு அது முக்கியம். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தையும் மாநகராட்சி உரிமத்தையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதையும் இந்த மாதமே செய்யாதீர்கள். முதலில் செல்போன் தவணை முடியட்டும். அதுவரை மாதந்தோறும் மிஞ்சும் 5,900-ஐத் தனிக் கணக்கில் போட்டால் மூன்று மாதங்களில் 17,000-க்கு மேல் சேரும். அதில் 15,000-ஐ நாயின் அவசர மருத்துவத்துக்கென்று தொடாமல் வையுங்கள். செல்லப்பிராணிக் காப்பீடு என்று இப்போது எல்லோரும் விற்கிறார்கள். வழக்கமான தடுப்பூசியும் பிறவிக் குறைபாடுகளும் பொதுவாக அதில் வராது; வயது வரம்பும் உண்டு. உங்கள் நிலையில் அந்தப் பிரீமியத்தையும் இதே கணக்கில் போடுவதே நல்லது.

உறவினர் பேச்சைப் பொறுத்தவரை, தங்கை திருமணத்துக்கு நீங்கள் எடுத்த கடனை இன்றும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பேசுகிறவர்கள் யாரும் அதில் ஒரு தவணை கட்டவில்லை என்பதை மனைவியிடம் கோபமில்லாமல், கணக்குத் தாளை எதிரில் வைத்துச் சொல்லுங்கள். மைத்துனரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டாம். இருவரும் சேர்ந்தே, ஹஸ்கி வேண்டாம், முன்பணத்தைத் திரும்ப வாங்கித் தாருங்கள் என்று கேளுங்கள். பிரீடர் தர மறுத்தால் அந்த 5,000 ரூபாயை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு, கார்டில் இஎம்ஐக்கு விண்ணப்பித்திருந்தால் அதை இன்றே ரத்து செய்யுங்கள்.