வளர்ப்புப் பாம்புகளும் பிற ஊர்வனவும் எந்த அளவுக்கு அறிவுள்ளவை?

வளர்ப்புப் பாம்புக்கு உண்மையிலேயே அறிவு உண்டா, அல்லது வளர்ப்பவர்கள் பாசத்தால் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுங்காலமாகச் சோளப் பாம்புகளை (வட அமெரிக்காவைச் சேர்ந்த நஞ்சற்ற பாம்பினம்) வளர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவு உண்டு. இருப்பிடம், மணம், வெப்பம், இரை, ஒளிந்துகொள்ளும் இடம் ஆகியவற்றில்தான் அது வெளிப்படும். நாயிடம் எதிர்பார்ப்பதைப் பாம்பிடம் எதிர்பார்ப்பவருக்கு அது மந்தமாகவே தெரியும்.

ஊர்வன அறிவற்றவை என்ற எண்ணம் நிலைத்ததற்குப் பழைய சோதனைகளும் ஒரு காரணம். எலிகளுக்காக அமைத்த புதிர்ப்பாதைகளில் ஊர்வனவற்றை விட்டு, உணவைப் பரிசாக வைத்து, பெரும்பாலும் அவற்றுக்குக் குளிரான அறைகளில் சோதித்தார்கள். உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தையே நம்பியிருக்கும் உயிரினம் குளிரில் மெதுவாகவே இயங்கும். ஒரு முறை இரை விழுங்கினால் பல நாட்களுக்குப் பசியே எடுக்காத பாம்புக்கு உணவு எப்படிப் பரிசாகும்? பாம்பு எப்போதும் விரும்புவது மறைவிடத்தையே. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. திறந்த அரங்கொன்றில் விடப்பட்ட சோளப் பாம்புகள், பல துளைகளுக்கு இடையே மறைவிடத்துக்குச் செல்லும் ஒரே துளையைச் சில நாள் பயிற்சியில் விரைவாகக் கண்டடையக் கற்றுக்கொண்டன. கண்ணாடித் தொட்டியின் மூடி எந்த மூலையில் தளர்ந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து, இரவுதோறும் அங்கேயே வந்து முட்டும் பாம்பை வளர்த்தவர்கள் இதைக் கேட்டு வியப்படைய மாட்டார்கள்.

மற்ற ஊர்வனவற்றில் சான்றுகள் இன்னும் வலுவானவை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு இளம் கருந்தொண்டை உடும்புகளுக்கு, கீல் கதவுகள் கொண்ட ஒளிபுகும் குழாயினுள் எலிகளை வைத்துக் கொடுத்தார்கள். எட்டும் முதல் முறையிலேயே 10 நிமிடங்களுக்குள் கதவைத் திறந்து இரையைப் பிடித்தன. இரண்டாம் முறை நேரம் வெகுவாகக் குறைந்தது. பியர்டட் டிராகன் என்னும் பல்லியினம், இன்னொரு பல்லி தலையால் கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்து, அதே அசைவைச் செய்ததை 2014இல் ஆய்வாளர் அன்னா வில்கின்சன் குழுவினர் காட்டினர். பார்க்காதவை அவ்வாறு செய்யவில்லை. பெரும் ஆமைகளோ, வண்ணப் பந்தைக் கடிக்கப் பெற்ற பயிற்சியை 9 ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை.

பாம்பு என்னை அடையாளம் காண்கிறதா, நேசிக்கிறதா என்ற கேள்விதான் வளர்ப்பவர்களின் மனத்தில் எப்போதும் இருக்கும். நாவால் எடுக்கும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்த்து உணரும் பாம்பு, பழகிய கையால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொள்ளும். என் கையில் அது தளர்வாகச் சுற்றியிருப்பதை அந்த அச்சமின்மையாகவும் உடல் வெப்பத்தின் ஈர்ப்பாகவுமே நான் கருதுகிறேன்; அதை நேசம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதேவேளை, கார்ட்டர் பாம்புகள் குறிப்பிட்ட சில துணைகளையே தேர்ந்து அவற்றோடு தங்குவதாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பதால், பாம்புகளுக்குள் உறவே இல்லை என்று சொல்வதும் தவறு.

உங்கள் பாம்பு கற்பதை நீங்களே பார்க்கலாம். கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும், பாம்பைத் தூக்கப் பயன்படும் கொக்கியால் அதன் உடலை மெல்லத் தொடுங்கள். உணவளிக்கும் நாளில் மட்டும் தொடாதீர்கள். நாளடைவில், கொக்கி பட்டதும் அது இரைக்காகப் பாயும் தோரணையை விட்டுவிடும். தொட்டியில் ஏறுவதற்குக் கிளைகளும், வெப்பமான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக மறைவிடங்களும் வையுங்கள். அவ்வப்போது அமைப்பைச் சற்றே மாற்றிவிட்டு, அன்றிரவு அது ஒவ்வொரு பொருளையும் நாவால் ஆராய்வதைக் கவனியுங்கள்.