மகனை கம்யூனிட்டி காலேஜில் சேர்க்கலாமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகனுக்கு வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல், கடன்தான் வாங்க வேண்டும். ஓலோனி அல்லது டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்க்கலாம் என்றால், பட்டம் முடிப்பவர்களின் சதவீதம் பயமுறுத்துகிறது, "யார் யாரோ படிக்கிற இடம்" என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்கிறார்கள். என்ன செய்வது?

அன்புச் சகோதரி, முதலில் பணம். கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர், 2012-லிருந்து இதே கட்டணம்தான். இரண்டு வருடத்துக்கு 60 யூனிட் என்றால் 2,760 டாலர். டி ஆன்சாவில் காலாண்டு முறை, அங்கே யூனிட் சிறியது, அதனால் 31 டாலர்தான், ஆனால் 90 யூனிட் எடுக்க வேண்டும், கணக்கு ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும். புத்தகச் செலவு தனி. பையன் வீட்டிலிருந்தே போய் வந்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

நீங்கள் பார்த்த அந்த சதவீதத்துக்கு வருகிறேன். அரசு வெளியிடும் பட்டம் முடிப்போர் கணக்கில் பொதுவாக, முதல் முறையாக, முழு நேரமாகச் சேர்ந்தவர்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலானவர்கள் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பவர்கள். இன்னொன்று, அசோசியேட் பட்டம் (இரண்டு வருடப் பட்டம்) வாங்காமலே யூ.சி.க்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, டிரான்ஸ்பர் ஆகிப் போன பிள்ளை அதில் பட்டம் முடித்தவராக வருவதில்லை, அதனால் நிறையப் பேரை நல்ல இடங்களுக்கு அனுப்பும் கல்லூரியின் எண்கூட குறைவாகத் தெரியலாம். இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிட வேண்டுமா, டிரான்ஸ்பர் எண்ணிக்கையைப் பாருங்கள், அதிலும் முழு நேரம் படிப்பவர்களுடையதை.

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். நாடு முழுவதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறார்கள், அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆறு வருடத்துக்குள் இளநிலைப் பட்டம் வாங்குகிறார்கள். வேலை, குடும்பம், தேவையில்லாத பாடங்களை எடுத்து யூனிட்டை வீணாக்குவது என்று பல காரணங்கள். கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் மகனுக்கும் நடக்கக்கூடியது.

"யார் யாரோ" என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி காலேஜ்களில் படிப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர்கள், பலர் தங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதில் உங்கள் மகனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

என் முடிவு: மேஜர் (முதன்மைப் பாடம்) எது என்பதில் அவனுக்குத் தெளிவு இருந்தால், முழு நேரம் படிக்கத் தயாராக இருந்தால், சேருங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் தகுதியான டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு இட உறுதி தருகின்றன. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோவில் அது கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற மேஜர்களுக்குச் சில வளாகங்கள் இந்த உறுதியைத் தருவதில்லை, அதை முன்னாலேயே பார்த்துவிடுங்கள். முதல் பருவத்துக்குப் பாடம் பதிவு செய்வதற்கு முன்பே டிரான்ஸ்பர் கவுன்சலரைப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தப் பாடம் எந்த யூ.சி.யில் செல்லும் என்பது அசிஸ்ட் (ASSIST) இணையதளத்தில் மேஜர் வாரியாக இருக்கிறது. இட உறுதிக்கான விண்ணப்பம் செப்டம்பரில் மட்டும்தான் திறந்திருக்கும், அவனுக்கு அது இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வரும்.