வடக்கே போகும் பஸ்ஸா, தெற்கே போகும் பஸ்ஸா?

கேள்வி: எங்களுக்கு ரெட்டிச்சாவடி பக்கம். கணவருக்குப் புதுச்சேரியில் ஒரு கடையில் வேலை. நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். ஒரே மகள். ஊரில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாம் வகுப்பில் 471 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளி பத்தாவதோடு சரி, அதனால் எப்படியும் மாற்றியாக வேண்டும். கடலூரில் உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். மாவட்ட மாதிரிப் பள்ளியிலும் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஹாஸ்டலில் விட வேண்டும். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் என் அண்ணனோ, “இங்கே கவர்ன்மென்ட் ஸ்கூலே சிபிஎஸ்இ. நீட்டுக்கு அதுதான் சரி, என் வீட்டிலிருந்து படிக்கட்டும்” என்கிறார். மகளுக்கு டாக்டர் ஆசையும் உண்டு, கணக்கும் பிடிக்கும். அவளைக் கேட்டால், “எங்க சேத்தாலும் சரிம்மா, ஃபிசிக்ஸ் டீச்சர் இருக்காங்களான்னு மட்டும் பாரு” என்கிறாள். என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் ஊர் ஸ்டாப்பிங்கில் நின்றால் வடக்கே போகிற பஸ் புதுச்சேரிக்கு, தெற்கே போகிற பஸ் கடலூருக்கு. முள்ளோடையில் எல்லை தாண்டுவது நமக்கெல்லாம் ஒரு விஷயமே இல்லை. காய்கறி வாங்க, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தினமும் தாண்டுகிறோம். ஆனால் படிப்புக் காகிதத்துக்கு அந்த எல்லை ரொம்பப் பெரிய விஷயம். அதனால் உங்கள் அண்ணன் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிச் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் இந்த ஏழு வருடத்தில் ஐந்தை முடித்துவிட்டாள். மீதி இரண்டுக்கு முதலியார்பேட்டை போனால் அந்த ஐந்தும் வீண். 2022-லிருந்து கல்லூரி போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, புதுமைப் பெண் திட்டம், அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற அதே கணக்குதான்.

சரி, புதுச்சேரியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறதே என்று அண்ணன் கேட்பார். இருக்கிறது, மருத்துவத்தில் 10 சதவீதம், 2023-லிருந்து. ஆனால் அது புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு. உங்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் கடலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. புதுச்சேரியில் தொழிற்படிப்புச் சேர்க்கை நடத்தும் சென்டாக் கலந்தாய்வில் கேட்கும் குடியிருப்புச் சான்றை மாமா வீட்டு முகவரியை வைத்துக்கொண்டு வாங்க முடியாது. இங்கேயும் விட்டு, அங்கேயும் கிடைக்காமல் பிள்ளை நடுவில் நிற்பாள். புதுச்சேரியில் இருக்கும் மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மர் பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பும் சிலருக்கு உண்டு. ஜிப்மர் தனியாக நுழைவுத் தேர்வு வைத்தது 2019-ஓடு முடிந்துவிட்டது. இப்போது அங்கேயும் நீட் மதிப்பெண்தான். பள்ளிக்கூடம் ஜிப்மருக்கு எதிரிலேயே இருந்தாலும் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

சிபிஎஸ்இ விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. நீட் கேள்விகள் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டித்தான் வருகின்றன. ஆனால் அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. நம் மாநிலப் பாடத்திட்டமும் 2018-லிருந்து பழைய பாடத்திட்டம் இல்லை, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கனம் தெரியும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளிலிருந்து முதல் சிபிஎஸ்இ ப்ளஸ் டூ அணி தேர்வு எழுதியதே 2025-ல்தான். அங்குள்ள ஆசிரியர்களுக்கே அது இப்போதுதான் பழகிக்கொண்டு வருகிறது. இத்தனை வருடம் தமிழில் படித்த பெண்ணை அங்கே ஆங்கிலத்தில், புதுப் பாடத்திட்டத்தில், மாமா வீட்டில் என்று மூன்றையும் ஒரே ஜூன் மாதத்தில் மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று, இங்கே அரசு வேலைகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 சதவீதம் உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி இருக்க வேண்டும் என்று 2020-ல் திருத்தினார்கள். ஐந்தாவது வரையிலும் அவள் தமிழ்வழியில்தான் படித்தாள் என்றால், ஒருநாள் டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வு எழுதும்போது இது உதவும்.

அண்ணனிடம் இதையெல்லாம் சண்டையாகச் சொல்லாதீர்கள். ஆசையாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடலூரில் பேர்பெற்ற எய்டட் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே சேர்க்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். நல்ல பள்ளிகள்தான். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி 7.5 கணக்கில் அரசுப் பள்ளி இல்லை. வாத்தியாருக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்து மாற்றிவிட்டு, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு என்னிடம் வந்து அழுத பெற்றோர் உண்டு.

இப்போது மிச்சம் இரண்டு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியா, மாதிரிப் பள்ளியா?

இங்கேதான் உங்கள் மகள் சொன்ன ஒரு வரிக்கு வருகிறேன். கடிதம் முழுக்க நீங்களும் அண்ணனும் எந்தப் பள்ளி என்று பேசுகிறீர்கள். அவள் மட்டும்தான் யார் நடத்துவார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ அறிவியல் டீச்சர் இல்லாமல் அவள் தவித்திருக்க வேண்டும், விசாரித்துப் பாருங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தினவள். நூறு சதவீதத் தேர்ச்சி, மாவட்ட முதலிடம் என்று கேட்டில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ், போன வருடம் யாரைச் சேர்த்தார்கள் என்பதைத்தான் சொல்லும். இந்த வருடம் இயற்பியல் பணியிடம் காலியா என்று சொல்லாது.

அதனால் இரண்டு பள்ளிக்கும் நேரில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்: “மேடம், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி நாலுக்கும் ஆள் இருக்காங்களா? ரெகுலரா, தொகுப்பூதியமா? யாராவது மாறுதல் கேட்டிருக்காங்களா?” தற்காலிக ஆசிரியர் மோசம் என்று இல்லை, என்னைவிட நன்றாக நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் டிசம்பரில் அவர் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வேதியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியைப் பார்க்க வேண்டாம், தண்ணீர்க் குழாயடியில் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். பெர்மாங்கனேட் கறை ஊதாவும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் பிள்ளைகள் உண்மையிலேயே டைட்ரேஷன் செய்கிறார்கள். தொட்டி வெள்ளை வெளேரென்று இருந்து, பியூரெட்டெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே இருந்தால், ரெக்கார்டு நோட்டில் மட்டும்தான் சோதனை நடக்கிறது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை எந்த மாதம் வரை நடத்துவார்கள்? இதில் எனக்கே குற்ற உணர்வு உண்டு. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லாத அந்தக் காலத்தில், நான் இருந்த ஒரு பள்ளியில் தீபாவளி முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டுப் பன்னிரண்டை எடுக்கச் சொல்வார்கள். நானும் எடுத்தேன். ரிசல்ட் நன்றாகத்தான் வந்தது. மறு வருடம் இன்ஜினியரிங்கில் சேர்ந்த ஒரு பையன் முதல் செமஸ்டர் கணக்கு நோட்டோடு வீட்டுக்கு வந்தான். தொகையீடு ஒரு பக்கம் போட்டிருந்தான், நடுவில் ஒரு சைன்–காஸ் வாய்ப்பாட்டில் நின்றுபோயிருந்தான். நான் தாண்டிப்போன பாடம் அது. இப்போதைய புத்தகத்திலும் அப்படித்தான்: வகையிடல், தொகையிடல் அடிப்படையெல்லாம் பதினொன்றில் இருக்கிறது, பன்னிரண்டில் இருப்பது அவற்றின் பயன்பாடு. அடிப்படையை விட்டவளுக்குப் பயன்பாடு புரியாது. இந்தக் குறுக்குவழியைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சைப் பயம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் பழைய வழக்கம் திரும்பி வரக் கதவும் திறந்துவிட்டது. நீட்டில் பதினொன்றாம் வகுப்பிலிருந்தும் கேள்வி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மாதிரிப் பள்ளியைப் பற்றி. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை ஒரே இடத்தில் தங்கவைத்து, பாடத்தோடு நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்கும் பயிற்சி தரும் இடம். அதுவும் அரசுப் பள்ளிதான், 7.5-க்கு ஒரு குறையும் வராது. செலவும் இல்லை. அவளைப்போலவே படிக்கிற பெண்கள் சுற்றி இருப்பார்கள், ராத்திரி ஒன்பது மணிக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டிலில் கேட்கலாம். படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய வரம். பயமும் உண்டு. ஊர்ப் பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க் வாங்கினவள் அங்கே முதல் மாதத் தேர்வில் இருபதாவதாக வரலாம். “நான் மக்கு” என்று போனில் அழுதால் உடனே கூட்டிவரக் கிளம்பிவிடாதீர்கள். நம் ஊரில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கு வகுப்பு ரேங்க் கேட்பதில்லை. கணக்கு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200, அவ்வளவுதான். மருத்துவத்துக்கு நீட் மட்டும். பக்கத்தில் இருப்பவள் 98 வாங்கினால் உங்கள் பெண்ணின் 95 குறைந்துபோகாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மாதிரிப் பள்ளிக்குத்தான் என் ஓட்டு. உங்கள் ஊரிலிருந்து தினமும் கடலூர் போய்வருவது தூரமில்லைதான், ஆனால் காலையில் அந்த பஸ்களில் ஏறுவது தனி வித்தை. ஸ்பெஷல் கிளாஸ் முடித்து இருட்டிய பிறகு வந்து இறங்கும் பெண் எப்போது படிப்பாள், எப்போது தூங்குவாள்? ஆனால் ஒரு நிபந்தனை. ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு அவளே சரி என்று சொல்ல வேண்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாதவிடாய் நாளில் யாரிடம் கேட்பது, வாரத்தில் எத்தனை முறை போன் என்று அவளே வார்டனிடம் கேட்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நாலு பாடத்துக்கும் டீச்சர் இருந்தால் அங்கே படித்தே அவள் போக வேண்டிய இடத்துக்குப் போவாள். இரண்டில் எதில் இயற்பியல் டீச்சர் இல்லையோ, அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள். அவள் கேட்டது அது ஒன்றுதானே.

குரூப் எடுப்பதில் குழப்பமே வேண்டாம்: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நாலும் இருக்கும் குரூப். பாடம் அதிகம், ஆனால் டாக்டரா இன்ஜினியரா என்று பதினைந்து வயதில் முடிவு செய்ய வேண்டியதில்லை. நீட்டின் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியல் என்பதால், கணக்குப் பிடித்த பிள்ளை உயிரியலைச் சும்மா படிக்கும் பாடமாக ஒதுக்கிவிடும் அபாயம் மட்டும் உண்டு. காலாண்டுத் தேர்வில் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. டிசி வாங்கப் போகும் அன்றே, ஆறு முதல் பத்து வரை இந்தப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள் என்று தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையுமாகச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்திருக்கும் எமிஸ் நம்பரையும் அதில் எழுதச் சொல்லுங்கள், பெயரின் இனிஷியல் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். இரண்டு வருடம் கழித்துக் கலந்தாய்வு நேரத்தில் போனால் அந்தத் தலைமையாசிரியர் மாறுதலில் போயிருப்பார்.