கேளுங்கோ, சொல்லுறம்: டாங்க் எண்டா குளமோ, சண்டை வண்டியோ?

கேள்வி: இரணைமடுக் குளத்தில இங்கிலிஷ் போர்ட்டில "டாங்க்" எண்டு போட்டிருக்கிறதை மகள் பாத்திட்டு, "டாங்க் எண்டா சண்டைக்குப் பாவிக்கிறதெல்லோ, குளத்துக்கு ஏன் போட்டவை, பிழையா எழுதிப்போட்டினமோ" எண்டு கேக்கிறா. என்ன சொல்லுறது?
ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: போர்ட்டில ஒரு பிழையும் இல்லை அம்மா, அதைப் பிள்ளைக்கு வடிவாச் சொல்லுங்கோ. அந்தச் சொல்லுக்கு முதல் வந்த அர்த்தமே தண்ணிதான், சண்டை வண்டி அதுக்கு முந்நூறு வருசம் பிந்தி வந்தது. 17ம் நூற்றாண்டு தொடக்கத்தில இங்கிலிஷ்காரர் யாவாரத்துக்கு எண்டு குஜராத் கரையில வந்து இறங்கேக்க, அங்கத்தைச் சனம் மழைத்தண்ணி சேத்து வைக்கிற இடத்துக்கு "டாங்க்கு" மாதிரி ஒரு சொல் வச்சிருந்தது, அதைத்தான் இவை எடுத்தது. போர்த்துக்கீசரிட்டயும் "டாங்க்கே" எண்டு ஒரு சொல் இருந்தது, ஓடுற தண்ணியை மறிச்சு நிப்பாட்டிறது எண்ட கருத்தில இருந்து வந்தது. எது மூலம் எண்டு படிச்ச ஆக்கள் இன்னும் பிடுங்குப்படுகினம், ரெண்டும் சேந்துதான் இந்தச் சொல்லை நிலைக்க வச்சது எண்டதுதான் எனக்குச் சரியாப் படுது. எங்கட "தடாகம்" இருக்கெல்லோ, அதுக்கு மூலமான சமஸ்கிருதச் சொல்லுத்தான் அந்தக் குஜராத்திச் சொல்லுக்கும் மூலம் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.

இனிச் சண்டை வண்டிக்கு வருவம். முதலாம் உலகப்போர் நேரம், 1915ல, அப்ப பிரிட்டிஷ் கடற்படைக்குப் பொறுப்பா இருந்த சேர்ச்சில் ஒரு குழு போட்டு, பதுங்குகுழிக்கு மேலால ஏறிப்போற இரும்பு வண்டி ஒண்டு செய்யச் சொன்னார். லிங்கன் எண்ட ஊரில ஒரு ஃபாக்டரியில செய்தவை. எதிரிக்குத் தெரியக்கூடாது, ஆனா ஏதோ பெரிய இரும்புப் பெட்டி செய்யினம் எண்டு வேலையாக்களுக்குத் தெரியுந்தானே, அதால மெசப்பத்தேமியா (இப்பத்தை ஈராக்) பாலைவனத்துக்குத் தண்ணி கொண்டுபோற வண்டி எண்டு ஒரு கதையைக் கட்டிவிட்டிச்சினம். வண்டிக்கு வேற ரெண்டு மூண்டு பெயரும் யோசிச்சுப் பாத்து, கடைசியில 1915 டிசம்பரில "டாங்க்" எண்டு முடிவாச்சு. 1916 செப்டம்பர் 15ல பிரான்சில சொம் சண்டையில முதல்முதல் இறக்கினவை, அதோட ஒளிக்கிறதுக்கு வச்ச பேரே உண்மையான பேராப் போச்சுது. அதே காலத்தில இஞ்ச இரணைமடு கட்டுற வேலை நடந்துகொண்டு இருந்தது. அதுக்கும் முதல், 1895ல ஜே.பி. லூயிஸ் எண்ட வெள்ளைக்கார அதிகாரி வன்னியைப் பற்றி எழுதின புத்தகத்திலயும் எங்கட குளங்கள் எல்லாம் டாங்க்தான். மன்னாரில கட்டுக்கரைக் குளத்தை இண்டைக்கும் இங்கிலிஷில ஜயன்ட்ஸ் டாங்க் எண்டுதான் எழுதுகினம்.

மகளைக் குளக்கட்டில ஏத்தி, கனகராயன் ஆற்றை அந்த மண்கட்டு எப்பிடி மறிச்சு வச்சிருக்கு, வயலுக்குத் தண்ணி திறக்கிற துருசு எங்க, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற வான் கதவு எங்க, குளம் நிறைஞ்சு 36 அடி எண்டா தண்ணி எவ்வளவுக்கு நிக்கும் எண்டு காட்டுங்கோ. இங்கிலாந்தில அந்தச் சொல்லுக்குக் குளம் எண்ட அர்த்தம் இப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை, இஞ்ச அது இன்னும் வயலுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருக்கு. எங்கட பிள்ளையள் அந்தச் சொல்லைச் சண்டையோட மட்டும் சேத்துப் பழகக்கூடாது எண்டதில எனக்கு நல்ல கவனம், அதுதான் இவ்வளவு நீட்டுறன்.

கேள்வி: அப்ப நாங்கள் சொல்லுற தண்ணித் "தாங்கி" தமிழோ, இங்கிலிஷோ?
ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: ரெண்டும் எண்டுதான் நான் சொல்லுவன். சுமைதாங்கி, இடிதாங்கி எண்டு தாங்கிற சாமானுக்கு ஏற்கனவே தமிழில பேர் இருக்கு, டாங்க் எண்ட சத்தம் அதுக்குள்ள வந்து கச்சிதமாப் பொருந்தியிட்டுது. பேப்பரில யுத்த தாங்கி, வீட்டுக் கூரையில நீர்த்தாங்கி. தமிழ்நாட்டு ஆக்களிட்ட தாங்கி எண்டு சொன்னா விளங்காது, அவைக்குத் தொட்டி.

கேள்வி: டாங்க் டொப், திங் டாங்க் எல்லாம் எங்க இருந்து வந்தது?
ஒரு மாணவி, முள்ளியவளை

பதில்: முந்தி அமெரிக்காவில நீச்சல் குளத்தையும் டாங்க் எண்டுதான் சொன்னவை, அதில குளிக்கப் போடுற கையில்லாத உடுப்பு டாங்க் சூட், அதே வெட்டில பிறகு வந்த மேல்சட்டை டாங்க் டொப். திங் டாங்க் முதல்ல மண்டைக்குத்தான் பட்டப்பேர், பிறகுதான் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆனது. விலை விழுந்தாலும் இங்கிலிஷ்காரர் "டாங்க்" ஆனது எண்டுவினம், அது குத்துச்சண்டையில காசு வாங்கிப்போட்டு வேணுமெண்டு விழுறவையைச் சொன்ன சொல்லு.

கேள்வி: எங்கட கமக்காரர் அமைப்பில இருந்து குளத்துக் கட்டு திருத்தச் சொல்லி இங்கிலிஷில கடிதம் எழுதவேணும். லேக், பொண்ட், ரிசவோயர், டாங்க் - எதைப் போடுறது?
அமைப்புச் செயலாளர் ஒருவர், நெடுங்கேணி

பதில்: டாங்க் எண்டே போடுங்கோ ஐயா. லேக் எண்டா தானா உண்டான வாவி எண்டு நினைப்பினம், பொண்ட் எண்டா வளவுக்குள்ள இருக்கிற குட்டை. முதல்ல குளம் ஆற்ற பொறுப்பு எண்டு பாருங்கோ, 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணி பாயுற குளம் எண்டா அது "மைனர் டாங்க்", கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குப் போகவேணும், அதுக்கு மேல எண்டா நீர்ப்பாசனத் திணைக்களம். ஆளை மாறி அனுப்பினா கடிதம் மாசக்கணக்கில மேசை மேசையாத் திரியும், அதுக்குள்ள காலபோகம், மழைக்கால நெல் விதைப்பு, தொடங்கியிடும். குளக்கட்டுக்கு "பண்ட்", துருசுக்கு "ஸ்லூஸ்", வானுக்கு "ஸ்பில்" எண்டு போடுங்கோ. ஃபோனில மொழிபெயர்த்து எடுக்கிறியள் எண்டா வான் எண்ட இடத்தை ஒருக்கா நிண்டு பாருங்கோ, அது ஆகாயம் எண்டு போட்டிடும்.