சாகனாக்கி சட்டியில் ஒட்டாமல் வர

கிரேக்க உணவகத்தில் ரசித்துச் சாப்பிட்ட சாகனாக்கியை, அதாவது எண்ணெயில் பொரித்த சீஸ் துண்டை, வீட்டில் செய்தால், சீஸ் உருகிச் சட்டியில் ஒட்டிக்கொள்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சீஸ்தான் காரணம். பீட்சாவில் போடும் மொசரெல்லா போன்ற சீஸ் சூடு பட்டதும் இளகி ஓடிவிடும். கிரேக்கர்கள் இதற்கு எடுப்பது கெஃபலோதீரி: செம்மறி அல்லது வெள்ளாட்டுப் பாலில் செய்து, மாதக்கணக்கில் முதிரவிட்ட, உப்புத் தூக்கலான கெட்டி சீஸ். ஈரம் குறைவு என்பதால் வெளியே முறுகும்வரை குலையாமல் நிற்கும். அது கிடைக்காவிட்டால் சைப்ரஸின் ஹலூமி சீஸ் வாங்குங்கள். அது பொன்னிறமாகுமே தவிர உருகி ஓடாது. ஆனால் உள்ளே அந்தக் குழைவு இருக்காது, சற்று ரப்பர் போலக் கடிபடும்.

சரி, செய்முறை. 1 செ.மீ. கனத்துக்கு வெட்டுங்கள். இதைவிட மெல்லியதாக இருந்தால் முறுகுவதற்குள் உள்ளே இளகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, உடனே மைதாவில் புரட்டி, அதிகப்படி மாவை உதறிவிடுங்கள். இந்த ஈரத்தைத் தவிர்க்கவே கூடாது. ஈரமும் மாவும் சேர்ந்து பசையாகி, மெல்லிய உறை போலச் சீஸை மூடிக்கொள்ளும்.

கனமான சட்டியில் ஆலிவ் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே போடவேண்டும். போட்டபின் அசைக்காதீர்கள், பக்கத்துக்கு சுமார் 2 நிமிடம், திருப்புவது ஒரே தடவை. அடியில் மேலோடு பிடித்துவிட்டால் தானாகவே சட்டியை விட்டுக் கிளம்பும்.

சாகனாக்கி என்பதே இதைப் பொரிக்கும் சின்ன இரண்டு கைப்பிடிச் சட்டியின் பெயர்தான். பரிமாறும்போது சீஸ்மேல் பிராந்தி ஊற்றித் தீ மூட்டுவது சிகாகோவின் கிரேக்க உணவகங்களில் பரவிய வழக்கம், வீட்டில் வேண்டாம். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து, சூடு ஆறுவதற்குள் ரொட்டியோடு சாப்பிடுங்கள்.